பாலாற்றுத் தோல் தொழிலில் தொழிலாளர் உடல்நலம்: முகாமிலிருந்து வேலைத்தளத்துக்கு

பணியாளர் நலவாழ்வுத் திட்டம் என்று தொழில் நிர்வாக நூல்கள் குறிப்பிடுவது, ஒரு நிறுவனம் தன்னிடம் வேலை செய்வோரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் காக்கத் தானே பொறுப்பேற்று நடத்தும் தொடர் ஏற்பாடுகளை ஆகும். இத்தகைய நூல்களில் பெரும்பாலானவை அலுவலகங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பதால், உடற்பயிற்சிக் கூடம், தியான வகுப்பு, எடைக் குறைப்புப் போட்டி ஆகியவை அவற்றில் முதலிடம் பெறுகின்றன. சுண்ணாம்பும் குரோமிய உப்பும் கலந்த நீரில் நின்று வேலை செய்பவருக்கும், மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கில் பசையின் ஆவிக்கு நடுவே காலணியின் மேற்பகுதியைத் தைப்பவருக்கும் அதே திட்டம் பொருந்துமா என்ற கேள்வியை, வேலூரைச் சுற்றிப் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பரவியுள்ள தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஆராய்வது பயன் தரும்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கொண்ட இவ்வட்டாரம் 2019 நவம்பர் வரை வேலூர் என்ற ஒரே மாவட்டத்துக்குள் இருந்தது. இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பிரிந்திருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடும் பழைய முறையில் உருவான சரக்கு, ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்தது. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரைகளை ஒட்டி, பச்சைத்தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாட்டுக்குப் போவதைக் கட்டுப்படுத்திய மத்திய அரசு, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் கொடுத்தது. இந்த மாற்றம் இரண்டு விளைவுகளைக் கொண்டுவந்தது. பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு விரைவாகப் பிடித்துக்கொண்டது ஒன்று. பதனிட்ட தோலைக் காலணியாக்கும் தொழிற்சாலைகள் பெருகி, அவற்றில் பல்லாயிரம் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தது மற்றொன்று. ஆகவே இவ்வட்டாரத்தில் இன்று இரு வேறு தொழிலாளர் திரள்கள் உள்ளன: டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளில் ஈர வேலை செய்யும் ஆண்கள் (அவர்களுள் தலித்துகளும் அண்மைக் காலமாக வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களும் மிகுதி); ஷூ கம்பெனிகளில் தையல், ஒட்டல், முடிப்பு வேலைகளில் உள்ள பெண்கள். இவ்விரு திரள்களையும் தாக்கும் நோய்கள் வேறானவை. ஒரே திட்டத்தை இரண்டுக்கும் விரித்துப் போடுவதில் தொடங்குகிறது முதல் பிழை.

பாலாற்றுத் தோல் தொழிலைப் பற்றிய பொதுவிவாதம் நீரையும் நிலத்தையும் மையமாகக் கொண்டே வளர்ந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும், தீங்கு அறுதியாக நிறுவப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக்கியது. டேனரி வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை இவ்வட்டாரத்தின் மாசு குறித்து விரிவான ஆணைகள் பிறப்பித்தது. நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கு எடுக்கப்பட்டதைப் போல, அதே வேதிப்பொருள்களைக் கையால் தொட்டவர்களின் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஊரறியக் கணக்கு எடுக்கப்படவில்லை. ஆற்றுக்குப் போகும் குழாயின் முனையில் அளக்கப்பட்ட குரோமியம், அக்குழாயின் தொடக்கத்தில் நிற்பவரின் உடம்பில் அளக்கப்படாமல் போனது இவ்வட்டாரத்தின் பெரிய குறை.

டேனரியின் ஆபத்துகளை வேலையின் வரிசையிலேயே காணலாம். உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்து மயிர் நீக்கி, சுண்ணாம்பைப் போக்கி, அமிலக் கரைசலில் இட்டு, பிறகு டிரம்மில் குரோமிய உப்புடன் சுழற்றுவது வழக்கமான முறை. சல்ஃபைடு உள்ள கழிவு அமிலக் கழிவுடன் கலக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயு பிறக்கிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய இவ்வாயு, பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கின் மணமறியும் திறனை மரக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பித் தொட்டிக்குள் இறங்குபவர் மயங்கி விழுகிறார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். டேனரித் தொட்டிகளில் ஒரே சமயத்தில் இருவர் மூவர் எனச் சாவுகள் நேர்வதற்கு இதுவே காரணம். ஆபத்தான முறையில் கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டின் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. எனினும் வாயுவை அளக்கும் கருவியும், காற்றை உள்ளே செலுத்தும் விசிறியும், கயிறு கட்டிய இடைவாரும் பல சிறு டேனரிகளில் இன்னும் வழக்கமான தளவாடமாகவில்லை.

பதனிடப் பயன்படும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்தோடு ஒப்பிட்டால் இதன் நச்சுத்தன்மை குறைவு. ஆனால் நாள்தோறும் தோலில் படும்போது இதுவும் ஒவ்வாமைப் புண்களை உண்டாக்கவல்லது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குச் சிறிதளவு பட்டாலும் தோல் வெடிக்கிறது. இவற்றோடு, தோலைச் சீவும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசு கவனத்துக்கு உரியது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை தோல்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கிலும் அதனை அடுத்த எலும்புக் குழிகளிலும் தோன்றும் புற்றுநோயோடு அது தொடர்புடையது. திண்டுக்கல் டேனரித் தொழிலாளர்களின் வாழ்வை டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலாக எழுதினார்; அது 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மருத்துவ ஏடுகள் பேசத் தயங்கிய செய்திகளை இலக்கியம் முதலில் பேசியிருக்கிறது என்பதைக் குறிப்பிடாமல் இத்துறையின் வரலாற்றை எழுத முடியாது.

வேலைத்தளம் என்பது வேலை செய்யும் மேசையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் நடந்த விபத்து காட்டியது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து விழுந்ததில், அருகிலிருந்த டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுத்துறங்கும் புலம்பெயர் தொழிலாளருக்குத் தங்குமிடம் தருவது உடல்நலத் திட்டத்தின் உறுப்பாக எந்தக் கையேட்டிலும் முன்னிற்பதில்லை. இவ்வட்டாரத்தில் அது முன்னிற்க வேண்டும்.

ஷூ கம்பெனிகளின் நிலை வேறு. வெளிப்பார்வைக்கு இவை ஒளியும் ஒழுங்கும் உள்ள கூடங்கள். இங்கு தீங்கு மெல்லச் சேர்கிறது. மேற்பகுதியை அடிப்பகுதியோடு ஒட்டும் பசைகளில் கரைப்பான் எனப்படும் விரைவில் ஆவியாகும் திரவங்கள் உள்ளன. பென்சீன் கலந்த பசையைப் பயன்படுத்திய இஸ்தான்புல் காலணித் தொழிலாளரிடம் இரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதைத் துருக்கி மருத்துவர் முசாஃபர் அக்சோய் 1970களில் வெளிக்கொணர்ந்தார். பென்சீனுக்கு மாற்றாக வந்த ஹெக்சேன் கைகால் நரம்புகளைச் செயலிழக்கச் செய்வதை இத்தாலி, ஜப்பான் நாடுகளின் காலணித் தொழிலாளரிடம் மருத்துவர்கள் கண்டறிந்தனர். மாற்றுப் பொருளும் ஆராயப்பட வேண்டும் என்ற பாடத்தை இந்த இரு நிகழ்வுகளும் கற்பித்தன. நீரில் கரையும் பசைகளுக்கு மாறுவதும், ஒட்டும் மேசைக்கு நேரே காற்றுறிஞ்சும் வாய் அமைப்பதும் இன்று பெரிய நிறுவனங்களுக்கு எட்டாத தொழில்நுட்பங்கள் அல்ல.

இவற்றைவிடப் பரவலான, ஆனால் யாரும் நோய் என்று பதியாத துன்பம் உற்பத்தி இலக்கிலிருந்து வருகிறது. லைனில் அமர்ந்திருக்கும் பெண் எழுந்து சென்றால் அவருக்குப் பின்னால் உள்ளவரின் வேலையும் தேங்கும் வகையில் தையல் வரிசை அமைந்திருக்கிறது; எனவே கழிவறைக்குச் செல்வது சூப்பர்வைசரின் முகக்குறிப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது. கழிவறைக்குப் போக நேருமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவருக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று வருகிறது. வேலூர்ப் பகுதியின் கோடையில் இதே பழக்கம் சிறுநீரகத்தையும் பாதிக்கவல்லது. கழுத்து, தோள், இடுப்பு வலியும், மணிக்கட்டு நரம்பு அழுந்துவதால் விரல்கள் மரத்துப்போவதும் இருக்கையின் உயரத்தோடும் இடைவேளையின் நீளத்தோடும் நேரடித் தொடர்புடையவை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஏற்கனவே இரத்தம் குறைந்த உடம்போடு விடியற்காலையில் சமைத்து, கம்பெனி வேனில் ஏறி, காலை உணவை விட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு நண்பகலில் மயக்கம் வருவதில் வியப்பில்லை.

வெப்பம் தனியே ஆராயத்தக்கது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் சகஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, மிகுந்த வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாவதைக் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், சுற்றுப் பொருள்களின் வெப்பவீச்சு ஆகிய மூன்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்-கோள வெப்பமானி விலை மிகுந்த கருவி அன்று. ஒவ்வொரு கூடத்திலும் அதை மாட்டி, குறித்த அளவைத் தாண்டும்போது இலக்கைத் தானாகக் குறைக்கும் விதியொன்றை எழுதிவைத்தால், அது பல மருத்துவ முகாம்கள் தராத பயனைத் தரும்.

முகாம்களையும் நல்வழக்கப் பிரசாரங்களையும் பற்றி உலக அளவில் கிடைத்திருக்கும் சான்றுகள் நிர்வாகங்களுக்கு உவப்பானவை அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கி, ஏறத்தாழ 5,000 பணியாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனையில், நலவாழ்வுத் திட்டம் மருத்துவச் செலவையோ பழக்கங்களையோ குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை. ஏற்கனவே நலமாக இருந்தவர்களே அதில் ஆர்வத்துடன் சேர்ந்தார்கள். பிஜேஸ் என்ற வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில் நடந்து 2019இல் வெளியான மற்றொரு சோதனையில், பங்கேற்றவர்கள் உடற்பயிற்சி கூடியிருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் இரத்த அழுத்தமும் கொழுப்பும் விடுப்பு நாள்களும் மாறவில்லை. பிரிட்டனில் 46,000க்கும் மேற்பட்ட பணியாளர்களின் தரவை ஆராய்ந்து வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட கட்டுரை, மனஅழுத்தம் தாங்கும் பயிற்சி, நலவாழ்வுச் செயலி போன்ற தனிநபர் ஏற்பாடுகளில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் மனநலத்தில் வேறுபாடு இல்லை என்று கண்டது. இச்சான்றுகளைக் கொண்டு பரிசோதனை முகாம்களே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறாகும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நம் மக்களிடம் கண்டறியப்படாமலே கிடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் நீட்சியாக, வேலைத்தளங்களிலேயே பரிசோதிக்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் 2024இல் வந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் கண்டறிந்த பின் மாத்திரை வாங்கப் போக அரை நாள் சம்பளத்தை இழக்க வேண்டுமானால், கண்டறிந்ததன் பயன் தாளில் நின்றுவிடும்.

தொழில்நலவியல் என்னும் துறை, அதாவது வேலைக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஆராயும் மருத்துவப் பிரிவு, தடுப்பு முறைகளுக்கு ஒரு வரிசையைக் கற்பிக்கிறது: ஆபத்தான பொருளை நீக்குவது முதலில், இயலாவிட்டால் மாற்றுவது, அடுத்து இயந்திர ஏற்பாட்டால் தடுப்பது, பிறகு வேலை முறையை மாற்றுவது, எல்லாவற்றுக்கும் கடைசியில் கையுறையும் முகமூடியும். நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கையுறை கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்ததாகக் கருதப்படுகிறது. 40 பாகை வெப்பத்தில் ரப்பர் கையுறை அணிந்து ஈரத்தோலைப் பிடிக்க முடியாமல் கழற்றி வைப்பவர் மீது கவனக்குறைவுப் பழி விழுகிறது. இவ்வட்டாரத்துக்கான பயனுள்ள திட்டம் எதுவானாலும், வேலையைத் திருத்துவதை முதலிலும் தொழிலாளியின் பழக்கத்தைத் திருத்துவதைப் பின்னரும் வைக்க வேண்டும் என்பதே இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு.

அத்தகைய திட்டத்துக்கான அடித்தளம் புதிதாகக் கட்டப்பட வேண்டியதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வருகின்றனர், 2019 ஜூலை முதல் தொழிலாளி ஊதியத்தில் 0.75 விழுக்காடும் நிறுவனம் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றன. நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். மகப்பேற்றுக்கு 26 வாரம். குரோமியத்தாலும் பென்சீனாலும் வரும் நோய்கள் இக்காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளன, அவற்றுக்கு இழப்பீடு உண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் முதன்மை நிறுவனமே சந்தா செலுத்தப் பொறுப்பு. ஆனால் இத்தொழிலாளரின் தோல்நோயைப் பார்க்கும் மருத்துவர், நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுச் சீட்டில் எழுதாதவரை, அது வெறும் அரிப்பாகவே பதிவாகிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கும் வட்டாரத்தில், தொழில்நோய் இப்படிப் பெயரின்றிப் போவது ஏற்கத்தக்கதன்று.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு மாற்றாக அமைகிறது. குறிப்பிட்ட வயதினருக்கு இலவச ஆண்டுப் பரிசோதனை அதில் நிறுவனத்தின் கடமையாகியிருப்பது நன்மை. அதே சமயம் மின்விசை பயன்படுத்தும் தொழிற்சாலை என்பதற்கான ஆள் எண்ணிக்கை 10இலிருந்து 20ஆக உயர்ந்திருப்பதால், டேனரிகளையும் துணைத்தொழில் கூடங்களையும் நடத்தும் மிகச் சிறிய நிறுவனங்கள் ஆய்வாளரின் பார்வையிலிருந்து மேலும் விலகும் அபாயம் இருக்கிறது. இச்சிறு கூடங்களுக்குத் தனித்தனியே மருத்துவரும் பாதுகாப்பு அலுவலரும் வைத்துக்கொள்ள வசதி இராது. இதற்கான வழியை இவ்வட்டாரமே ஏற்கனவே கண்டிருக்கிறது: தனியே சுத்திகரிக்க இயலாத டேனரிகள் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்துக்கொண்டன. கழிவுநீருக்குப் பொது நிலையம் அமைத்த அதே உறுப்பினர்கள், காற்றை அளக்கும் கருவிகளும் தொழில்நல மருத்துவரும் தொட்டிமீட்புக் குழுவும் கொண்ட பொதுத் தொழில்நல மையத்தை அமைப்பது இயல்பான அடுத்த படி.

திட்டத்தை யார் நடத்துவது என்பதும் எதைச் செய்வது என்பதற்கு இணையான கேள்வி. 1918 ஏப்ரலில் சென்னையில் பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார் முதலியோரின் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, ஆலைத் தொழிலாளர் முன்வைத்த குறைகளுள் ஒன்று, மதிய உணவு உண்ண நேரம் போதவில்லை என்பது. உடல்நலக் கோரிக்கையைத் தொழிலாளரே எழுப்பிய அம்மரபு மறக்கப்பட்டு, நலத்திட்டம் மேலிருந்து வழங்கப்படும் கொடையாக மாறியது பின்னடைவே. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும் பிற தொழிலாளர் அமைப்புகளுடனும் செய்துகொண்ட திண்டுக்கல் ஒப்பந்தம் அண்மைக்கால முன்மாதிரி. பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்காக ஏற்பட்ட அந்த ஒப்பந்தத்தின்படி, தையல் தளத்திலேயே பயிற்சி பெற்ற பெண் கண்காணிப்பாளர்கள் செயல்பட்டார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்குவது தடுக்கப்பட்டது. வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்களும் கடப்பாடு ஏற்றன. ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் இவ்வகைக் கண்காணிப்பாளர்களிடம் கழிவறை, குடிநீர், வெப்பம், பசையாவி ஆகியவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பும் இணைக்கப்படலாம். சூப்பர்வைசரின் வசைச் சொல் மனநலத்தைக் கெடுக்கும் முதற்காரணமாக இருக்கும் கூடத்தில் மனநல ஆலோசகரை மட்டும் அமர்த்துவது, பாதிக்கப்பட்டவருக்கே பொறுப்பைத் திருப்பிவிடுவதாகும். பயிற்சி முதலில் சூப்பர்வைசருக்கு வேண்டும், அவருக்கும் இலக்கு நெருக்கடி தணிய வேண்டும். மருத்துவ முடிவுகள் நிர்வாகத்தின் கைக்குப் போகாமல் மருத்துவரிடமே இருக்கும் என்ற எழுத்துமூல உறுதி இல்லாத இடத்தில், வேலை போய்விடும் என்ற அச்சத்தால் தொழிலாளர் நோயை மறைப்பார்கள்.

கம்பெனி வாசலுக்கு வெளியே இன்னொரு திரள் இருக்கிறது. காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை ஆம்பூரைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குத் தரகர்கள் மூலம் போகிறது; பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கிறார்கள். இவர்கள் வருகைப்பதிவேட்டில் இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, விரலில் ஊசி ஏறினாலும் பார்வை மங்கினாலும் செலவு அவர்களுடையது. ஐரோப்பியக் கடைகளில் விற்கும் ஒரே ஜோடி ஷூவில் காப்பீடு பெற்ற உழைப்பும் காப்பீடில்லாத உழைப்பும் சேர்ந்தே தைக்கப்படுகின்றன. கண்ணாடியும் முதுகு சாயும் இருக்கையும் தருவது எளிய தொடக்கம். ஒவ்வொரு நிறுவனமும் தன் தரகர்களின் பட்டியலையும் அவர்கள் வழி வேலை பெறுவோரின் பட்டியலையும் வெளிப்படையாக வைத்திருப்பது அதற்கு முன் நிகழ வேண்டியது.

இவை அனைத்துக்கும் முன்நிபந்தனை கணக்கு. தொழில்நோய் கண்ட மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ள கடமை. குரோமியப் புண் அச்சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அன்றே இடம்பெற்றது. தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் இ.எஸ்.ஐ. நிறுவனமும், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பதிவான தொழில்நோய்களின் எண்ணிக்கையையும் டேனரித் தொட்டிகளில் நேர்ந்த சாவுகளின் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் மாவட்ட வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் முயற்சியைத் தொழிற்சங்கங்களும் உள்ளூர் மருத்துவர்களும் இவ்வாண்டே தொடங்க வேண்டும்.